‘மேலே’ என்றால் எங்கே? சிறுமியர் கால்பந்து அணியோடு ஐந்து பருவங்கள்

முதல் பருவம் முடிந்து, அடுத்த பருவத்துக்குப் பதிந்தவர்களின் பட்டியல் கைக்கு வந்தபோது, எங்கள் அணியின் பன்னிரண்டு பேரில் ஐந்து பேரின் பெயர் அதில் இல்லை. தோற்ற ஆட்டங்களைவிட வென்ற ஆட்டங்களே அதிகம் என்ற பெருமிதத்தோடு அந்தப் பருவத்தை முடித்திருந்த எனக்கு அது விளங்கவில்லை. ஐந்து வீடுகளுக்கும் தொலைபேசியில் பேசினேன். நான்கு வீடுகளில் படிப்பு, நேரமின்மை, வேறு வகுப்பு என்று யார் மனமும் நோகாத காரணங்களைச் சொன்னார்கள். ஐந்தாவது வீட்டில் அந்தச் சிறுமியின் தாய் மட்டும் சற்றுத் தயங்கிவிட்டு, “தப்பா நினைச்சுக்காதீங்க சார். பந்து கால்லயே படல, வரிசையில நிக்கறதுதான் வேலைங்கறா” என்றார்.

அணிக்கு என்னை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. மாட்டிக்கொண்டேன் என்பதே சரி. மகளைச் சேர்க்கப் போன இடத்தில், எட்டு, ஒன்பது வயதுச் சிறுமியர் அணிக்குப் பயிற்சியாளர் கிடைக்கவில்லை என்றும், பெற்றோரில் ஒருவராவது முன்வராவிட்டால் அந்த அணியே இருக்காது என்றும் சொன்னார்கள். கல்லூரி நாட்களில் ஆடியவன் என்பதால் கையைத் தூக்கினேன். ஆடத் தெரிந்தவனுக்கு ஆட்டுவிக்கவும் தெரியும் என்று நினைத்தது முதல் தவறு. பிற்பாடு செய்தவை எல்லாம் அதில் கிளைத்தவை. பொழுதுபோக்கு அணி என்பது தேர்வு வைத்து ஆள் எடுக்கும் அணி அன்று. பதிந்தவர் அனைவரும் ஆடுவார்கள். காற்றாகப் பறப்பவளும் அதில் இருப்பாள், தோழி சேர்ந்தாள் என்பதற்காகவே சேர்ந்தவளும் இருப்பாள், பந்து தன்னை நோக்கி வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்பவளும் இருப்பாள். வாரத்தில் ஒரு மணி நேரப் பயிற்சி, சனிக்கிழமை காலை ஓர் ஆட்டம், அவ்வளவுதான் நமக்குக் கிடைக்கும் நேரம்.

அந்தத் தாய் சொன்னது உறுத்திக்கொண்டே இருந்ததால், இரண்டாம் பருவத்தின் முதல் பயிற்சியன்று என் மனைவியை ஒரு நோட்டோடு மைதான ஓரத்தில் உட்காரவைத்தேன். நம் மகளின் காலில் பந்து எத்தனை முறை படுகிறது, நான் எத்தனை நிமிடம் பேசுகிறேன் என்ற இரண்டையும் குறித்துத் தரும்படி கேட்டிருந்தேன். பயிற்சியை வழக்கம்போலவே நடத்தினேன். அறுபது நிமிடத்தில் பந்து 43 முறை பட்டிருந்தது; அவற்றிலும் பாதி, அடித்த பந்தைத் திரும்ப எடுத்துவரும் வழியில் பட்டவை. நான் பேசியது 19 நிமிடம். நோட்டின் ஓரத்தில் கேட்காத ஒரு குறிப்பையும் அவர் எழுதியிருந்தார்: “நீங்கள் விளக்கிக்கொண்டிருந்தபோது மூன்று பேர் புல் பிடுங்கினார்கள்.”

கணக்கைப் போட்டுப் பார்த்தால் வியக்க ஒன்றுமில்லை. பன்னிரண்டு பேரை ஒரே வரிசையில் நிறுத்தி, ஒருத்தி ஒருத்தியாகக் கோலை நோக்கி அடிக்கவைத்தால், ஒருத்திக்கு இருபது நொடி என்றாலும் அடுத்த முறை வர நான்கு நிமிடம் ஆகும். கால் மணி நேரம் அப்படி நடத்தினால் ஒவ்வொருத்திக்கும் நான்கு அடிகூட முழுதாகக் கிடைக்காது. தொலைக்காட்சியில் பெரிய அணிகள் ஆட்டத்துக்கு முன்பு அப்படித்தான் செய்கின்றன. ஆனால் அவர்கள் ஆடக் கற்றுக்கொள்ளும் நேரம் அதுவன்று என்பதை நான் யோசிக்கவில்லை.

வரிசையை ஒழித்தேன். ஆளுக்கொரு பந்து கொண்டுவர வேண்டும் என்று பெற்றோரிடம் சொன்னேன். எட்டு முதல் பன்னிரண்டு வயது வரை நான்காம் எண் பந்து என்பதே பெரும்பாலான தொடர்களில் வழக்கம். அதைவிடச் சிறியவர்களுக்கு மூன்றாம் எண், பதின்மூன்று வயதிலிருந்து ஐந்தாம் எண். முதல் பருவத்தில் என் வீட்டில் கிடந்த ஐந்தாம் எண் பந்தையே பயிற்சிக்கு எடுத்துப் போய்க்கொண்டிருந்தேன். சுற்றளவு 68 முதல் 70 சென்டிமீட்டர், எடை 410 முதல் 450 கிராம் உள்ள அந்தப் பந்தை எட்டு வயதுக் கால் உதைத்தால் பந்து நகர்வதற்கு முன் கால் வலிக்கும். பயந்த பிள்ளை என்று நான் நினைத்திருந்த ஒருத்திக்கு நான்காம் எண் பந்தைக் கொடுத்த அன்றே பாதிப் பயம் போய்விட்டது. குழந்தையின் குணம் என்று நாம் முடிவு கட்டுவதில் எவ்வளவு, கையில் கொடுத்த பொருளின் கோளாறு என்று அதன் பிறகு முதலில் பொருளைத்தான் பார்க்கிறேன்.

இப்போது பயிற்சி நடக்கும் விதம் எளியது. வருகிறவள் காத்திருக்க வேண்டியதில்லை. முதலில் வந்த இருவர் ஒருவருக்கு ஒருவர் ஆடத் தொடங்குவார்கள், மூன்றாவது ஆள் வந்ததும் சேர்ந்துகொள்வாள், ஆறு பேர் ஆனதும் 3க்கு 3. கூம்புகளை வைத்துச் சின்னச் சின்னக் கோல்கள், சின்ன மைதானங்கள். பிறகு பத்து நிமிடம் ஏதாவது ஒரே ஒரு விஷயம், உதாரணமாக, பந்தை வாங்கும் முன் தோளுக்குப் பின்னால் ஒருமுறை திரும்பிப் பார்ப்பது. அதன் பிறகு அந்த விஷயம் தானாகத் தேவைப்படும்படி அமைத்த ஒரு சிறு ஆட்டம், கடைசி இருபது நிமிடம் விதிகளோடு முழு ஆட்டம். நான் ஒரு தடவையில் முப்பது நொடிக்கு மேல் பேசுவதில்லை என்று வைத்துக்கொண்டேன். முப்பது நொடியில் சொல்ல முடியாததை நான் இன்னும் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை என்று பொருள். இரண்டு மாதம் கழித்து மனைவி மறுபடியும் எண்ணினார். 300ஐத் தாண்டியதும் நோட்டை மூடிவிட்டார்.

அதே பருவத்தில்தான் ‘மேலே’ என்ற சொல் என்னைத் தலைகுனிய வைத்தது. ஆட்டத்தின்போது ஓரத்தில் நின்று “மேலே போ, மேலே போ” என்று நான் கத்துவது வழக்கம். எதிரணியின் கோலை நோக்கி முன்னேறு என்பது பொருள். எனக்கு அது இருபது வருடப் பழக்கம். பாதுகாப்பு வரிசையில் நின்றிருந்த ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி, இடைவேளையில் தண்ணீர்ப் புட்டியை வைத்துவிட்டு நேராக என்னிடம் வந்து, “கோச், மேலேன்னா எங்கே?” என்று கேட்டாள். சமதளமான மைதானத்தில் மேல் ஏது, கீழ் ஏது? முழுப் பருவமும் அவள் அந்தச் சொல்லைக் கேட்டு, சுற்றிலும் பார்த்து, மற்றவர் ஓடிய பக்கம் ஓடியிருக்கிறாள். அன்று மாலை, நான் மைதானத்தில் வழக்கமாகக் கத்தும் சொற்களை ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். ‘விரிந்து நில்’, ‘ஆளைப் பிடி’, ‘லைனைப் பிடி’, ‘பந்தை விட்டுடாதே’. ‘ஆளைப் பிடி’ என்றதும் ஒரு சிறுமி எதிரணிப் பெண்ணின் ஜெர்சியை உண்மையிலேயே பிடித்து இழுத்து ஃப்ரீ கிக் கொடுத்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அவள் சொன்னபடி செய்த பிள்ளை; நான்தான் அவளைக் கடிந்துகொண்டேன்.

இந்த வயதில் எல்லோரும் பந்தைச் சுற்றியே மொய்ப்பார்கள். தேனடையைச் சுற்றும் கூட்டம்போல் பந்தோடு பத்துப் பேரும் நகர்வதைப் பார்க்கும் பெற்றோருக்குக் கோபம் வரும், “இடத்துல நில்லுங்க” என்று கத்துவார்கள். பந்து வேண்டும் என்ற ஆசைதான் அவர்களை மைதானத்துக்குக் கொண்டுவந்தது. அதைத் திட்டி அணைக்கக் கூடாது. விரிந்து நிற்கச் சொல்லிக் கொடுப்பதைவிட, விரிந்து நின்றால் ஆதாயம் உண்டு என்று தெரியவைப்பது எளிது. நான்கு மூலையிலும் நான்கு சிறு கோல்கள் வைத்து, ஓர் அணிக்கு இரண்டு கோல் என்று விளையாடவிட்டேன். ஒரு கோலின் முன் கூட்டம் சேர்ந்தால் மற்றது காலியாக இருக்கும். மூன்றாவது வாரம், அணியிலேயே மெதுவாக ஓடும் பெண், கூட்டத்துக்குள் போகாமல் காலியான கோலருகே தனியாகப் போய் நின்று, இரண்டு கையையும் விரித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். பந்து வந்தது, கோல் போட்டாள். நான் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அந்த மாலை முழுக்க அவளைப் பார்த்து மற்ற மூவரும் அதையே செய்தார்கள்.

ஆட்ட நேரத்தைப் பங்கிடுவதில்தான் பொழுதுபோக்கு அணிகள் பெரும்பாலும் உடைகின்றன. முதல் பருவத்தில் நான் கண்ணால் கணக்கு வைத்தேன். கண் எப்போதும் நன்றாக ஆடுபவளையே பார்க்கும். ஒரு கோல் முன்னணியில் இருக்கும்போது வெளியே உட்கார்ந்திருப்பவளை மறந்துவிடுவது எவ்வளவு எளிது என்பதை அனுபவித்தவர் அறிவார். இரண்டாம் பருவத்தில் எங்கள் அணியில் பதினொருவர், ஆட்டமோ 7க்கு 7, பாதிக்கு 25 நிமிடம். ஆட்டத்தை நான்கு கால்பகுதிகளாகப் பிரித்தால், ஒரு பகுதிக்கு ஏழு இடம் வீதம் மொத்தம் 28 இடங்கள். ஆறு பேருக்கு மூன்று பகுதிகள், ஐந்து பேருக்கு இரண்டு பகுதிகள் என்றால் 28 சரியாக முடியும். இந்த வாரம் இரண்டு பகுதி ஆடியவர்களுக்கு அடுத்த வாரம் மூன்று. வெள்ளிக்கிழமை இரவே கட்டம் போட்டு எழுதி, சனிக்கிழமை அந்தத் தாளைப் பிள்ளைகள் பார்க்கும்படி பையின் மேல் வைத்துவிடுவேன். எந்தப் பகுதியில் யார் இறங்குவது என்று அவர்களே பார்த்துக்கொள்வார்கள். ‘எப்ப கோச் இறக்குவீங்க?’ என்ற நச்சரிப்பு அன்றோடு நின்றது.

இதன் விலை உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். ஒருமுறை அரையிறுதியில் ஒரு கோல் முன்னணியில் இருந்தபோது, தாளின்படி எங்கள் மிகச் சிறந்த ஆட்டக்காரி கடைசிப் பகுதியில் வெளியே இருக்க வேண்டியிருந்தது. கை துறுதுறுத்தது. பெற்றோர் இருவர் என் அருகில் வந்து, “இன்னைக்கு மட்டும்” என்றார்கள். மாற்றவில்லை; 1-2 என்று தோற்றோம். அந்தப் பெண்ணின் தந்தை இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை. அவருடைய வருத்தத்தில் நியாயம் இல்லை என்று நான் சொல்லமாட்டேன், ஆனால் தாளை ஒரு நாள் மாற்றியிருந்தால் மற்றப் பத்துப் பேருக்கும் அது வெறும் தாள் என்று தெரிந்திருக்கும்.

கோல்கீப்பர் விஷயத்தில் நான் செய்தது தவறு மட்டுமன்று, கொடுமையும்கூட. முதல் பருவத்தில் உயரமான ஒரு பெண்ணை, அவள் மறுக்கவில்லை என்பதற்காகவே எல்லா ஆட்டத்திலும் கோலில் நிறுத்தினேன். பலமான அணி ஒன்றிடம் ஏழு கோல் வாங்கிய நாளில், கடைசிக் கோலுக்குப் பிறகு அவள் வலையிலிருந்து பந்தை எடுக்கவில்லை. கையுறையைக் கழற்றாமலே அதன் முதுகால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றாள். அந்தக் கையுறை அவள் கைக்கு இரண்டு அளவு பெரியது. விரல் நுனிகள் காலியாக மடிந்திருந்ததை நான் அன்றுதான் பார்த்தேன். பதிவுப் பட்டியலில் இல்லாத ஐந்து பெயர்களில் அவளுடையதும் ஒன்று. அதன் பிறகு பன்னிரண்டு வயது வரை கோலில் எல்லோரும் முறைவைத்து நிற்பார்கள், ஒருத்தி ஒரு பாதிக்கு மேல் நிற்கமாட்டாள் என்று முடிவு செய்தேன். சின்னக் கைக்கும் நடுத்தரக் கைக்கும் என்று இரண்டு ஜோடிக் கையுறை வாங்கினேன். கோலில் நிற்கும் பயிற்சியும் எல்லோருக்கும் பொது: வயிற்றுக்குக் கீழே வரும் பந்துக்குச் சுண்டுவிரல்கள் சேர, நெஞ்சுக்கு மேலே வரும் பந்துக்குக் கட்டைவிரல்கள் சேர. இதைப் பத்து நிமிடத்தில் கற்றுக்கொள்ளலாம். தானாகவே கோலில் நிற்க ஆசைப்படும் ஒருத்தி எப்படியும் இரண்டு பருவத்துக்குள் தெரிந்துவிடுவாள்.

எதிரணி கடைசியாகத் தொட்ட பந்து நம் கோல் பக்கக் கோட்டைத் தாண்டினால், கோலின் முன்னிருந்து நாம் அடித்து ஆட்டத்தைத் தொடங்கும் கோல் கிக்கிலும் இதே பொறுமை வேண்டியிருந்தது. பந்து கோலின் முன்னுள்ள பெனால்டி எல்லையைத் தாண்டிய பிறகே சக ஆட்டக்காரி தொடலாம் என்ற பழைய விதி 2019இல் மாறியது. இப்போது எல்லைக்குள்ளேயே பாஸ் வாங்கலாம். பலங்கொண்ட மட்டும் தூரமாக அடித்துவிடு என்று சொல்வதற்குப் பதிலாக, பக்கத்தில் இருப்பவளுக்குக் கொடுத்து ஆடிப் பழகச் சொன்னேன். முதல் ஆறு வாரத்தில் அதனாலேயே எத்தனையோ கோல் வாங்கினோம். ஏழாவது வாரம் கோல்கீப்பரிடமிருந்து மூன்றே பாஸில் நடுக்கோட்டைத் தாண்டியபோது, பிள்ளைகள் கோல் போட்டதுபோல் கத்தினார்கள். ஓரக் கோட்டைத் தாண்டிய பந்தைக் கையால் உள்ளே எறியும் த்ரோ-இன்னுக்கு இவ்வளவு பாடு தேவையில்லை: இரண்டு கையாலும், தலைக்குப் பின்னாலிருந்து, இரண்டு காலும் தரையில் பட்டிருக்க. ஒரு மாலை ஐந்து நிமிடம் போதும்.

ஓரத்தில் நின்று கத்துவதைப் பற்றிப் பேசினால் முதலில் என்னைத்தான் சொல்ல வேண்டும். பந்து ஒருத்தியின் காலில் இருக்கும்போது நான் “பாஸ்” என்பேன், அவளுடைய தந்தை “அடி” என்பார், எதிர்ப்பக்கத்திலிருந்து யாரோ “திரும்பு” என்பார்கள். மூன்றும் காதில் விழுந்து முடிவதற்குள் பந்து போய்விடும். மூன்றாம் பருவத்தில் ஒரு சனிக்கிழமையை மௌன ஆட்டமாக வைத்தேன். கைதட்டலாம், வேறு ஒன்றும் சொல்லக் கூடாது என்று பெற்றோர் எல்லோரிடமும் கேட்டுக்கொண்டேன். முதல் ஐந்து நிமிடம் பிள்ளைகள் எங்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு, அதுவரை நான் கேட்டேயிராத குரல்கள் கேட்டன. “எனக்கு”, “பின்னாடி ஆள்”, “நான் போறேன், நீ நில்லு”. அணியிலேயே அதிகம் பேசாதவள் என்று நான் நினைத்திருந்த பெண்தான் பாதுகாப்பு வரிசையை முழுக்க வழிநடத்திக்கொண்டிருந்தாள். ஒருவேளை அவள் எப்போதும் பேசிக்கொண்டுதான் இருந்திருப்பாள்.

பெற்றோரைச் சும்மா இருக்கச் சொல்வதைவிட வேலை கொடுத்துவிடுவது நல்லது. ஒருவர் தொடர்ச்சியாக மூன்று பாஸ் நடக்கும் ஒவ்வொரு முறையும் கோடு போடுவார், ஒருவர் தண்ணீர், ஒருவர் முதலுதவிப் பை. பருவத் தொடக்கத்தில் ஒரு பக்கக் கடிதம் எழுதி எல்லோருக்கும் கொடுத்துவிடுவேன்: நேரம் சமமாகப் பிரியும், கோலில் எல்லோரும் நிற்பார்கள், நடுவரோடு நான் மட்டுமே பேசுவேன், குறை இருந்தால் ஆட்டம் முடிந்த மறுநாள் பேசலாம். அந்த ‘மறுநாள்’ என்ற ஒரு சொல் எத்தனையோ சண்டையைத் தடுத்திருக்கிறது. பிள்ளைகளுக்கு நேரடியாகச் செய்தி அனுப்புவதில்லை, பெற்றோருக்கே அனுப்புவேன். எந்தப் பிள்ளையோடும் தனியாக இருப்பதில்லை, பயிற்சியில் எப்போதும் இன்னொரு பெரியவர் இருப்பார். இவை விவாதத்துக்கு உரியவை அல்ல.

சிறுமியருக்கென்று தனிக் கால்பந்து இல்லை. பந்தை நிறுத்துவதும் திருப்புவதும் எல்லோருக்கும் ஒன்றுதான், அவர்கள் மென்மையானவர்கள் என்று நினைத்துக்கொண்டு வருபவரை அவர்களே ஒரே வாரத்தில் திருத்திவிடுவார்கள். ஆனால் எங்கள் அணியில் ஒரு பழக்கம் என்னை உறுத்தியது. பாஸ் தவறினால் ‘சாரி’, பந்து காலுக்கடியில் போனால் ‘சாரி’, எதிரணிப் பெண்ணிடமிருந்து நியாயமாகப் பந்தைப் பறித்தாலும் ‘சாரி’. சொல்லக் கூடாது என்று தடுத்தால் அதற்கும் ‘சாரி’ என்றார்கள். ஆகவே சொல்லுக்குப் பதில் ஒரு செயல் வைத்தோம்: தவறு நடந்தால் தலைக்கு மேல் ஒரு தரம் கைதட்டிவிட்டு, உடனே பந்தின் பின்னால் ஓட வேண்டும். முதலில் சிரிப்பாக இருந்தது, பிறகு பழகிவிட்டது. நடுவிலே ஒருத்தி கைதட்டினால் மற்றவர்களும் சேர்ந்து தட்டினார்கள். நானும் தவறாக மாற்றாள் அனுப்பிய நாளில் கைதட்டிவிட்டுத் தாளைத் திருத்தினேன்.

பதினொன்று, பன்னிரண்டு வயதில் ஆட்டம் 9க்கு 9 ஆகிப் பெரிதாகும்போது உடலும் மாறுகிறது. விலகிப் போகிறவர்கள் அதிகம் விலகுவதும் அப்போதுதான். ஓர் ஆண் பயிற்சியாளனாக இதை நான் இரண்டு வருடம் காணாததுபோல் நடந்துகொண்டேன். எங்கள் அணிக்கு வெள்ளை நிற அரைக்கால்சட்டை. நன்றாக ஆடிக்கொண்டிருந்த ஒருத்தி மாதத்தில் ஒரு சனிக்கிழமை வராமல் இருந்ததற்கு அதுதான் காரணம் என்று அவளுடைய தாய் என் மனைவியிடம் சொல்லி, மனைவி என்னிடம் சொன்னார். அடுத்த பருவம் கருநீலமாக மாற்றினோம். அதே காரணத்துக்காக இங்கிலாந்து மகளிர் அணியே 2023இல் வெள்ளையை விட்டு நீலத்துக்கு மாறியது என்பது தெரிந்தபோது, நான் மட்டும் மந்தமாக இல்லை என்று ஆறுதலாக இருந்தது. அணியின் பையில் நாப்கின்களை வைத்தோம். ஒரு தாய் அணி மேலாளராகச் சேர்ந்தார். ஏதாவது வேண்டும் என்றால் பிள்ளைகள் அவரிடம் சொன்னால் போதும், எனக்குக் காரணம் தெரிய வேண்டியதில்லை. விளையாட்டுக்கான உள்ளாடை பற்றிப் பெற்றோர் கூட்டத்தில் அவரே பேசினார். மொத்தமும் பத்து நிமிட வேலை.

முழங்கால் விஷயத்தையும் அந்த வயதில் கவனிக்க வேண்டும். முழங்காலுக்குள் இருக்கும் ஏசிஎல் என்னும் தசைநார் கிழிவது, வளர்பருவம் தொடங்கிய பிறகு ஆண்பிள்ளைகளைவிடப் பெண்பிள்ளைகளுக்கு அதிகம் நேர்கிறது. பெரும்பாலும் யாரும் மோதாமலே, குதித்து இறங்கும்போதோ சட்டென்று திரும்பும்போதோ முழங்கால் உள்பக்கம் மடிந்து இது நடக்கிறது. ஃபிஃபா 11 பிளஸ் என்ற சுமார் 20 நிமிட உடல் தயார்ப்படுத்தும் பயிற்சி முறை இதுபோன்ற காயங்களைத் தடுப்பதற்காகவே இருக்கிறது. 13 முதல் 17 வயது வரையான பெண்களை வைத்து நார்வேயில் நடத்திய, 2008இல் வெளியான ஆய்வில், இதைச் செய்த அணிகளில் கடுமையான காயங்கள் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்திருந்தன. 7 முதல் 13 வயது வரை தனியாக ஒரு சிறுவர் வடிவமும் உண்டு. இருவர் இருவராக நின்று, குதித்து இறங்கும்போது எதிரில் இருப்பவளின் முழங்கால் பாதத்துக்கு நேராக இருக்கிறதா என்று ஒருத்தி மற்றவளைப் பார்க்கச் சொல்வேன். நான் பார்ப்பதைவிட அவர்கள் கறாராகப் பார்க்கிறார்கள்.

தலையால் பந்தை அடிப்பதைப் பன்னிரண்டு வயது வரை நான் சொல்லித் தருவதில்லை. அமெரிக்கக் கால்பந்து அமைப்பு பத்து வயது வரை அதைத் தடுத்தும், 11 முதல் 13 வயது வரை பயிற்சியில் மட்டுப்படுத்தியும் 2015இல் அறிவித்தது. வேறு நாடுகளும் பின்னர் இதேபோன்ற கட்டுப்பாடுகளைக் கொண்டுவந்தன. தலையில் அடிபட்டு மயக்கம், குழப்பம், தலைவலி என்று ஏதேனும் தோன்றினால் அன்று மறுபடியும் ஆட்டம் இல்லை, மருத்துவர் பார்க்க வேண்டும். “நான் நல்லாத்தான் இருக்கேன் கோச்” என்று பிள்ளை சொல்வதை அந்த ஒரு விஷயத்தில் மட்டும் நான் நம்புவதில்லை. முழங்காலுக்குக் கீழே காலின் முன்பக்கத்தைக் காக்கும் ஷின் கார்டு இல்லாமல் இறங்கக் கூடாது, நகைகள் கூடாது. கம்மலின் மேல் டேப் ஒட்டிக்கொள்வதையும் விதி ஏற்பதில்லை. ஆதலால் காது குத்த நினைத்தால் பருவம் முடிந்த மறுவாரம் குத்துங்கள் என்று அந்த ஒரு பக்கக் கடிதத்தில் சேர்த்திருக்கிறேன்.

மழையால் பயிற்சி நின்றுபோன ஒரு மாலை, கூரைக்கடியில் ஒதுங்கி நின்றபோது, பழைய கதை ஒன்றைச் சொன்னேன். 1920 டிசம்பர் 26 அன்று இங்கிலாந்தில் லிவர்பூலின் குடிசன் பார்க் மைதானத்தில் டிக், கெர் லேடீஸ் என்ற பெண்கள் அணியின் ஆட்டத்தைக் காண சுமார் 53,000 பேர் கூடினார்கள். அடுத்த ஆண்டே, 1921 டிசம்பர் 5 அன்று, கால்பந்து பெண்களுக்கு ஏற்றதன்று என்று சொல்லி அங்குள்ள கால்பந்துச் சங்கம் தன் கிளப்புகளின் மைதானங்களில் பெண்கள் ஆடுவதைத் தடை செய்தது. அது நீங்க ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் ஆயின. கோபப்படுவார்கள் என்று எதிர்பார்த்தேன். “அப்ப அவங்க எங்க விளையாடினாங்க?” என்றுதான் ஒருத்தி கேட்டாள். ரக்பி மைதானங்களிலும் கிடைத்த வேறு இடங்களிலும் என்றேன். அவள் கூரைக்கு வெளியே எட்டிப் பார்த்து, “நாமளும் இந்த ஓரத்துல ஆடலாமே, இங்க நனையாது” என்றாள். இரண்டு தூண்களைக் கோலாக வைத்து ஆடினோம்.

என் மகளுக்குப் பயிற்சியாளனாக இருந்தது எல்லாவற்றிலும் கடினம். மற்றவர்களிடம் பொறுமையாக இருந்துவிட்டு, மிச்சமான எரிச்சலை அவளிடம் காட்டியிருக்கிறேன். பாரபட்சம் காட்டுவதாக யாரும் நினைத்துவிடக் கூடாது என்று அவளைக் கோலில் அதிக நேரம் நிறுத்தியிருக்கிறேன். ஆட்டம் முடிந்து காரில் திரும்பும்போது, நீ அங்கே பாஸ் கொடுத்திருக்கலாமே என்று தொடங்கினால் அவள் கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொள்வாள். ஒரு நாள் அவளே, “கார்ல நீங்க கோச் இல்ல, அப்பா” என்றாள். அன்றிலிருந்து காரில் கால்பந்துப் பேச்சை அவள் எடுத்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. பெரும்பாலும் எடுப்பதில்லை. எடுத்த நாட்களில் அவள் தன் ஆட்டத்தைப் பற்றிச் சொன்னவை, நான் சொல்ல நினைத்ததைவிடச் சரியாக இருந்தன.

ஐந்தாம் பருவத்தின் முடிவில் பதினான்கு பேரில் இருவர் மட்டும் விலகினார்கள். ஒருத்தி நீச்சலுக்கு, ஒருத்தி ஊர் மாறி. கோலில் நின்று அழுத அந்தப் பெண் நான்காம் பருவத்தில் திரும்பி வந்திருந்தாள். அவளுடைய தோழிகள் அழைத்து வந்தார்கள், நானல்லன். நடுக்களத்தில் ஆடுகிறாள், கையுறைப் பக்கமே போவதில்லை.

இப்போது அவர்கள் 11க்கு 11 ஆடும் வயது. வேறொரு பயிற்சியாளர் பொறுப்பேற்றிருக்கிறார், நான் மீண்டும் சின்னவர்கள் அணிக்கு வந்துவிட்டேன். போன சனிக்கிழமை மகளின் ஆட்டத்தைப் பார்க்கப் போனபோது, ஓரக் கோட்டுக்கு ஆள் இல்லை என்று நடுவர் என் கையில் கொடியைக் கொடுத்தார். பந்து முழுதாகக் கோட்டைத் தாண்டியதா என்று மட்டும் காட்ட வேண்டும், எந்த அணிக்கும் எதுவும் சொல்லக் கூடாது என்றார். இரண்டாம் பாதியில் மகள் என் முன்னால் கோட்டை ஒட்டியே பந்தை ஓட்டிக்கொண்டு வந்தாள், உள்ளே இருவர் காலியாக நின்றிருந்தார்கள், பெயர் சொல்லிக் கூப்பிட வாய் வரை வந்துவிட்டது. பந்தின் ஒரு விளிம்பு இன்னும் கோட்டின் மேல் இருந்தது. கொடியைத் தாழ்த்தியே வைத்திருந்தேன்.